கரண்ட் கம்பி வராத நிலத்தில் ஒரு சின்ன வீடு

கேள்வி, 6 ஏப்ரல் 2025

அக்கா, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊரை விட்டுத் தள்ளி ஒன்றரை ஏக்கர் வாங்கியிருக்கிறோம். நானும் மனைவியும்தான். 500 சதுர அடிக்குள் ஒரு வீடு கட்டி, கரண்ட், குழாய்த் தண்ணீர், சாக்கடை எதற்கும் வெளியே கை நீட்டாமல் இருக்க வேண்டும் என்று ஆசை. சோலார் 3 கிலோவாட் போதுமா, 5 போட வேண்டுமா? கடையில் 5 போடச் சொல்கிறார்கள். நீங்கள் கீரமங்கலம் பக்கம் இப்படி ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள்.

6 ஏப்ரல், இரவு

தம்பி, 3ம் வேண்டாம், 5ம் வேண்டாம். ஒன்று போதும். அதைக் கடைசியில் பேசலாம், ஏனென்றால் பேனல்தான் இந்த வீட்டிலேயே சுலபமான சாமான். காசு கொடுத்தால் ஒரே நாளில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தப்பாகிவிட்டால் கழற்றி மாற்றலாம். தொட்டியையும் கூரையையும் மேற்குச் சுவரையும் கழற்றி மாற்ற முடியாது.

கடைக்காரர் 5 என்று சொல்வதில் தப்பில்லை. அவர் போர் மோட்டாரை மனதில் வைத்துச் சொல்கிறார். எங்கள் பக்கம் போர் அறுநூறு, எழுநூறு அடி என்று போகிறது. அந்த ஆழத்திலிருந்து ஏற்றுகிற மோட்டாரை சோலாரில் ஓட்டினால் 5 கிலோவாட்கூடப் பற்றாது. மோட்டாரை வீட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் சில்லறை. எடுக்க ஒரே வழிதான், மழையைப் பிடிப்பது.

கணக்கு இது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நம் மாவட்டத்தில் வருடத்துக்கு சுமார் 900 மில்லிமீட்டர் சராசரி. வீடு 500 சதுர அடி, சுற்றிலும் சுவருக்கு வெளியே நீளும் இறவாணம், முன்னால் ஒரு தாழ்வாரம் என்று சேர்த்தால் கூரை 800 சதுர அடி வரும், அதாவது 74 சதுர மீட்டர். சிந்தியது, ஆவியானது, முதல் மழையில் வெளியே தள்ளியது என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். வருடத்துக்கு 53,000 லிட்டர் கையில் நிற்கும். ஆளுக்கு 60 லிட்டர் வைத்தால் இரண்டு பேருக்கு நாளைக்கு 120, வருடத்துக்கு 44,000. ஆக, மழை போதும்.

போதாதது தொட்டி. தை பிறந்துவிட்டால் நம் பக்கம் மழையை நம்ப முடியாது. சித்திரை வைகாசியில் ஒரு இடிமழை வந்தால் லாபம், வராவிட்டால் ஆடி கடைசி வரைக்கும் தொட்டியில் இருப்பதுதான். ஏழு மாதத்துக்கு 120 லிட்டர் என்றால் 25,000 லிட்டர். 12 அடி விட்டம், 8 அடி ஆழம் உள்ள ஒரு வட்டத் தொட்டி. உங்கள் சமையலறையையும் குளியலறையையும் சேர்த்தாலும் இந்த அளவு வராது. காகிதத்தில் முதலில் இந்த வட்டத்தைப் போடுங்கள், பிறகு இதை நிரப்புகிற கூரையைப் போடுங்கள், அப்புறம் கூரைக்குக் கீழே வீட்டை நுழைக்கலாம்.

7 ஏப்ரல்

மதுரையிலிருந்து ஒருவர், தன் ஓட்டுக் கூரையின் சரிவை அளந்தால் 900 சதுர அடி வருகிறது, ஆகவே எனக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார். கிடைக்காது ஐயா. மழை மேலிருந்து விழுகிறது, கூரை தரையில் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ அதுதான் கணக்கு. சரிவைச் செங்குத்தாக ஆக்கிக்கொண்டே போனால் ஓட்டுச் செலவு கூடும், தண்ணீர் கூடாது.

அதே ஆள் இன்னொன்றும் கேட்டார், இது நல்ல கேள்வி. சராசரி 900 சரி, சராசரி வராத வருடம்? 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அந்த மாதிரி வருடத்தில் எந்தத் தொட்டியும் நிறையாது. அதற்கு மருந்து இன்னும் பெரிய தொட்டி இல்லை. தண்ணி லாரி வந்து நின்று குழாயைப் போடுகிற தூரத்தில் தொட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதையை விட்டுத் தோப்புக்கு நடுவில் அழகாகத் தொட்டி கட்டியவர்கள் அந்த வருடம் குடத்தில் சுமந்தார்கள். வெளியே கை நீட்ட மாட்டேன் என்பது நல்ல வருடத்துப் பேச்சு.

8 ஏப்ரல்

செடி கொடிக்கு எங்கே தண்ணீர் என்று இன்னொருவர். தொட்டியிலிருந்து ஒரு சொட்டுகூடக் கிடையாது. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் போகிறது. தோட்டத்துக்குப் பண்ணைக்குட்டை. வீட்டுக்கு மண் எடுத்த குழியையே குட்டையாக்குங்கள், இரண்டு தடவை வெட்டக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஆரோவில்லில் மண் கல் அடிக்கிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள், எங்கே மண் எடுப்பது என்று முடிவு செய்யும்போதே எங்கே தண்ணீர் நிற்கும் என்பதும் முடிவாகிவிடும்.

9 ஏப்ரல்

இதை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் மின்கம்பம் இருக்கிறதா?

இருந்தால் இணைப்பு வாங்கிவிடுங்கள். சிரிக்க வேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் செலவு நாளைக்கு இரண்டு யூனிட் சொச்சம், இரண்டு மாதத்துக்கு 126 யூனிட் வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2025 நிலவரப்படி இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதாவது கம்பி வந்திருந்தால் நான் 26 யூனிட்டுக்குத்தான் பணம் கட்டுவேன். சோலார் போட்டுக் கரண்ட் பில்லை மிச்சம் பிடிக்கிறேன் என்று என்னை மாதிரி வீட்டில் இருக்கிற யாராவது சொன்னால் அவருக்குக் கணக்கு வராது என்று அர்த்தம். பேட்டரி விலைக்கு வட்டிகூட அந்த 26 யூனிட்டில் தேறாது. மத்திய அரசு 2024இல் கொண்டுவந்த சூர்ய கர் திட்டத்தின் மானியமும் கம்பியில் சேர்த்த சோலாருக்குத்தான், பேட்டரி வைத்துத் தனியாக ஓட்டுகிறவருக்கு இல்லை. விவசாயத்துக்குக் கொடுக்கிற இலவச மின்சாரத்தில் ஒரு ஒயரை இழுத்து வீட்டுக்குப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சட்டப்படி தப்பு, மாட்டினால் அபராதம்.

எங்களுக்கு ஏன் கம்பி இல்லை என்றால் நிலம் உள்ளே இருக்கிறது, நடுவில் இன்னொருவர் தென்னந்தோப்பு, கம்பம் நட அவர் ஒப்பவில்லை. கொள்கை எல்லாம் பிற்பாடு வந்தது.

9 ஏப்ரல், சிறிது நேரம் கழித்து

கொள்கை பிற்பாடு வந்தது என்று எழுதியதை வீட்டுக்காரர் படித்துவிட்டு, கஜா புயலை ஏன் சொல்லவில்லை என்கிறார். சரி.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர் மேலேயே போனது கஜா. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. தென்னை போனது எல்லாருக்கும் தெரியும். கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது ஊரில் எல்லாரும் தேடியது விளக்கை இல்லை, தண்ணீரை. போர் இருக்கிறது, போரில் தண்ணீர் இருக்கிறது, ஏற்ற மோட்டார் ஓடாது. ஜெனரேட்டர் கொண்டுவந்தவர்கள் வீடு வீடாகப் போய்ப் பத்து நிமிடம் அரை மணி என்று தொட்டியை நிரப்பிக் காசு வாங்கினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் கைக்கு எட்டுகிற ஆழத்தில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. எங்கள் தொட்டிக்குச் சின்ன மோட்டாரும் உண்டு, அது நின்றால் வாளியும் கயிறும் உண்டு. இதுதான் என் கொள்கை.

12 ஏப்ரல்

சுவர். மண் வீடுதான் கட்டுவேன் என்று ஒருவர், ஹாலோ பிளாக் போதும் என்று ஒருவர், இரண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள்.

எங்கள் சுவர் ராட் டிராப் கட்டு, அதாவது எலிப்பொறிக் கட்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி வைப்பது, வெளியே ஒரு கல், உள்ளே ஒரு கல், நடுவில் மூன்று அங்குலம் காலி. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், செங்கல் நாலில் ஒரு பங்கு மிச்சம், கலவையும் மிச்சம். அந்தக் காலி இடம்தான் வெயிலைத் தடுக்கிறது. அடி வரிசை, சன்னல் மட்டம், கதவு சன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டம் ஆகிய இடங்களில் மட்டும் காலி விடாமல் கெட்டியாக வைக்க வேண்டும்.

எங்கள் கொத்தனார் முதல் நாள் ஒரு மூலையைக் கட்டிவிட்டு, உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். "எலிப்பொறின்னு பேர் வச்சிருக்காங்க, எலிதான் குடிவரப் போகுது" என்றார். அந்தப் பயம் இரண்டாவது நாளே தீர்ந்தது, ஆனால் கல் பிரச்சினை தீரவில்லை. நம் பக்கத்துச் சூளைக் கல் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒரு கல் ஒன்பது அங்குலம், அடுத்தது எட்டே முக்கால், ஒன்று நடுவில் வளைந்திருக்கும். படுக்க வைத்துக் கட்டும்போது கலவையில் மறைந்துவிடும், நிறுத்திக் கட்டும்போது மறையாது. கடைசியில் கொத்தனார் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, அதற்குள் அடங்குகிற கல் ஒரு குவியல், அடங்காதது ஒரு குவியல் என்று சித்தாளை விட்டுப் பொறுக்க வைத்தார். அடங்காத கல் கெட்டி வரிசைக்கும் படிக்கும் போயிற்று. நீங்கள் இந்தக் கட்டில் கட்டுவதானால் சூளையில் முன்பணம் கொடுக்கும் முன்பு ஒரு பலகையோடு போங்கள்.

மண் கல்லுக்கு நான் எதிரி இல்லை. செம்மண்ணில் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தி, 28 நாள் நனைத்து எடுத்தால் அருமையான கல். சூளையில் எரிக்க விறகு வேண்டாம். ஆனால் மெஷின் வர வேண்டும், உங்கள் மண்ணில் மணல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பார்க்கத் தெரிந்த ஆள் வர வேண்டும், நனைக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரே இல்லாத நிலத்தில் முதல் வேலையாக ஆயிரக்கணக்கான கல்லை ஒரு மாதம் நனைப்பதை யோசித்துப் பாருங்கள். தொட்டியை முதல் மழைக்கு முன் கட்டி, அது நிறைந்த பிறகு வீட்டைத் தொடங்குகிற பொறுமை இருந்தால் செய்யலாம். உண்மையில் எந்தச் சுவருக்கும் அதுதான் சரியான வரிசை.

13 ஏப்ரல்

கூரை பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். பெரிய அறைக்கு ஃபில்லர் ஸ்லாப், தாழ்வாரத்துக்கு ஓடு. ஸ்லாப்பின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு வேலையே கிடையாது, அங்கே கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய சீமை ஓட்டை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் போடுவார்கள். கான்கிரீட் குறையும், ஓட்டுக்கு நடுவில் காற்று நிற்கும், அண்ணாந்து பார்த்தால் அழகாகவும் இருக்கும். அதன் மேல் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், தட்டோடு, வருடா வருடம் சுண்ணாம்பு வெள்ளை. குடிக்கிற தண்ணீர் ஓடி வருகிற கூரையில் கண்ட கூலிங் பெயிண்டையும் பூசாதீர்கள்.

முழுக்க ஓடு போடலாமே, அதுதானே நம் மரபு என்கிறவருக்கு: போடலாம், ஓட்டைத் தாங்கும் பனங்கையும் இங்கே கிடைக்கும். கஜாவில் ஓடும் தகரமும் எங்கே போய்க் கிடந்தன என்று பார்த்திருந்தால் ஒரு அறையாவது கெட்டியாக இருக்கட்டும் என்று நீங்களே சொல்வீர்கள்.

15 ஏப்ரல்

இப்போது பேனல்.

குறைந்த கரண்டில் ஓடுகிற பிஎல்டிசி ஃபேன் இரண்டு, ஒவ்வொன்றும் 30 வாட், பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் 0.7 யூனிட். பழைய ஃபேன் 75 வாட், அதே இரண்டு ஃபேன் 1.8 யூனிட் தின்னும். இந்த ஒரு மாற்றத்துக்கே ஒரு பேட்டரி குறையும். எல்இடி விளக்கு ஐந்தும் சேர்ந்து 0.2. சின்ன ஃபிரிட்ஜ் கோடையில் 0.6. லேப்டாப், போன், டிவி எல்லாம் சேர்த்து அரை யூனிட்டுக்குள். மிக்சி 750 வாட் என்று பயப்படுகிறார்கள், சட்னிக்கு ஐந்து நிமிடம் ஓடினால் 0.06தான். கிரைண்டர் மாவு அரைக்கிற நாளில் 0.1. தொட்டி மோட்டாருக்கு இன்னொரு 0.1 வையுங்கள். மொத்தம் இரண்டு சொச்சம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் தெளிவான நாளில் நாலு யூனிட் தரும். இதனால்தான் ஒன்று போதும் என்றேன்.

ஐப்பசி கார்த்திகையில் என்ன செய்வீர்கள் என்று எல்லாரும் மடக்குகிறார்கள். மூடிக்கிடக்கிற நாளில் ஒரு யூனிட் வந்தால் பெரிது, அது உண்மை. ஆனால் அந்த நாளில் ஃபேன் யார் போடுகிறார்கள்? போர்வையைத் தேடுகிற நாள் அது. ஃபிரிட்ஜும் குறைவாகத்தான் ஓடும். குளிர்நாட்டுக்காரனுக்கு வெயில் இல்லாத நாளில்தான் வீட்டைச் சூடாக்க வேண்டும், அவன் பாடு திண்டாட்டம். நமக்கு வெயில் அடித்தால் ஃபேன் வேண்டும், அடிக்காவிட்டால் வேண்டாம். இந்த அதிர்ஷ்டத்தைக் கணக்கில் சேர்க்காமல் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து மூன்று நாள் பேட்டரி, நாலு நாள் பேட்டரி என்று வாங்குகிறார்கள். எங்களிடம் 24 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. இரண்டரை யூனிட் பிடிக்கும்.

அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் மூன்றும் கிடையாது. துணி சந்தைக்குப் போகிற நாளில் தேய்க்கிற வண்டிக்குப் போகும். அவரும் பிழைக்க வேண்டாமா.

16 ஏப்ரல்

ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி நல்ல இடத்தில் கையை வைத்தார்: "அக்கா, இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தின்னுமே, அதைச் சேர்த்தீங்களா?" நேற்றுச் சொன்ன கணக்கில் அது இல்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் ராத்திரியில் அணைந்திருக்கும். ஆனால் பொதுவாக எழுதும்போது சொல்லியே ஆக வேண்டிய விஷயம். ஒரு பொருளும் ஓடாமல் சும்மா ஆனில் இருக்கிற இன்வெர்ட்டர் 20, 25 வாட் எடுக்கும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு அரை யூனிட் வரும், கிட்டத்தட்ட இன்னொரு ஃபிரிட்ஜ்.

ஆகவே ஃபேன், விளக்கு, போன் சார்ஜர் மூன்றும் பேட்டரியிலிருந்து நேரடியாக வருகிற 24 வோல்ட் டிசி லைனில். ஃபிரிட்ஜ், மிக்சி, கிரைண்டர் மட்டும் இன்வெர்ட்டரில். ராத்திரி படுக்கும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிட்டால் ஃபிரிட்ஜ் காலை வரை தாங்கும், திறக்காமல் இருந்தால். கோடையில் தாங்காது, அப்போது அணைப்பதில்லை.

12 வோல்ட் போதாதா என்றால், ஒயரைப் பார்க்க வேண்டும். 1.5 சதுர மில்லி ஒயரில் பதினைந்து மீட்டர் தள்ளி 60 வாட் ஓட்டினால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே போய்விடும், அந்த முனையில் ஃபேன் முனகும். 24 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்குள்தான் போகும். சின்ன வீடு கட்டுவதன் லாபம் இதிலும் இருக்கிறது, ஒயர் நீளம் குறைவு.

17 ஏப்ரல்

பேனலைக் கூரையில் வைக்கவில்லை, தரையில் ஆளுயரத்துக்குக் கம்பி நட்டு வைத்திருக்கிறோம். புயல் எச்சரிக்கை வந்தால் ஸ்பேனரோடு போய்க் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு. முழுக்கத் தட்டையாக வைத்தாலும் விளைச்சல் பெரிதாகக் குறையாது, தூசிதான் மழையில் கழுவிப் போகாமல் கட்டிக்கொள்ளும்.

20 ஏப்ரல்

கழிப்பறை பற்றி யாரும் கேட்கவில்லை, பேனலுக்கு மட்டும் இத்தனை பேர். நானே எழுதுகிறேன்.

நான் திருச்சிப் பக்கம் முசிறிக்குப் போய் அங்குள்ள உலர் கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு வந்து, அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அதில் பீங்கானில் மூன்று வழி. மலம் ஒரு பக்கம் நேராகக் கீழே அறைக்குள், சிறுநீர் ஒரு பக்கம், கழுவுகிற தண்ணீர் ஒரு பக்கம். போனதும் ஒரு கை சாம்பல். கீழே இரண்டு அறை, ஒன்று நிறைந்தால் மூடிவிட்டு மற்றதைத் திறப்பார்கள், மூடினது மாதக்கணக்கில் கிடந்து எருவாகிவிடும். முசிறியில் இதை ஊர் ஊராகக் கொண்டுபோன சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே ஒரு பொதுக் கழிப்பறையில் பயன்படுத்துகிறவருக்கே காசு கொடுத்தார்கள் என்றால் எங்கள் மாமியார் இன்னமும் நம்பவில்லை.

மாமியார்தான் இதில் முக்கியமான ஆள். விருந்தாட்கள் வந்தால் எந்த ஓட்டை எதற்கு என்று ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பாடம் எடுக்க வேண்டும், சொன்னாலும் தண்ணீரை நடு ஓட்டையில் ஊற்றிவிடுவார்கள், ஊற்றினால் ஒரு வாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாம்பல் கொட்ட வேண்டும். "வர்றவங்களுக்குப் பரீட்சையா வைக்கிறே?" என்று கேட்டார் அத்தை. பதில் சொல்ல வரவில்லை.

இன்றைக்கு யாராவது கேட்டால் நிலத்தடி நீர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். எங்களைப் போல ஆழத்தில் இருந்தால் இரட்டை உறிஞ்சுகுழி போதும். சரிவு கூடின கிராமத்துப் பீங்கான் வைத்தால் ஒன்றரை, இரண்டு லிட்டரில் போய்விடும், ஃப்ளஷ் டேங்க் மாதிரி ஒரு தடவைக்கு அரை வாளி வேண்டாம். ஒரு குழி நிறைந்தால் அடுத்ததற்குத் திருப்பிவிடலாம், மூடிய குழி காய்ந்து எருவாகும். டெல்டாவிலும் கடலோரத்திலும் நாலு தோண்டு தோண்டினாலே தண்ணீர் வருகிற இடம் என்றால் குழி கூடாது, அங்கே முசிறி முறைதான். பருவமழையில் குழியும் கிணறும் ஒன்றாகிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டும் இருக்கிறது. உலர் கழிப்பறை எனக்கும் வீட்டுக்காரருக்கும், குழி கழிப்பறை மற்றவர்களுக்கு. எலுமிச்சைக்கு எரு கிடைக்கிறது. இதை விருந்தாட்களிடம் சொல்வதில்லை.

27 ஏப்ரல்

அடுப்பு. கேஸ் சிலிண்டர் வைத்திருக்கிறேன். "அப்போ நீங்க ஆஃப் கிரிட் (எதற்கும் வெளியே கை நீட்டாத வீடு) இல்லையே" என்று ஒருவர் சந்தோஷமாகக் கண்டுபிடித்திருக்கிறார். வாழ்த்துகள்.

சாண எரிவாயுவை யோசிக்காமல் இல்லை. ஒரு மாடு நாளைக்கு சுமார் 10 கிலோ சாணம் போடும். 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு. இரண்டு மாடு இருந்தால் 0.8 கன மீட்டர், அது 350 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். அதாவது 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாளில் தீருகிற வீட்டுக்கு இரண்டு மாடு சரியாகப் போதும். கணக்கு இவ்வளவு அழகாக வந்ததும் எனக்கும் ஆசை வந்தது. அப்புறம் இரண்டு மாடு குடிக்கிற தண்ணீரைப் போட்டுப் பார்த்தேன். கறவை மாடு ஒன்று கோடையில் நாங்கள் இரண்டு பேரும் குடித்துச் சமைப்பதைப் போல பல மடங்கு குடிக்கும், சாணத்தைக் கரைக்கவும் அதே அளவு தண்ணீர் வேண்டும். என் 25,000 லிட்டர் சித்திரையிலேயே முடிந்துவிடும். குட்டையில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறவர்கள், ஏற்கெனவே மாடு வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அடுப்புக்காக மாடு வாங்காதீர்கள்.

சமையலறைக் கழிவை மட்டும் போட்டு ஓட்டுகிற சின்ன டிரம் பற்றி: இரண்டு பேர் வீட்டுக் கழிவில் காப்பி போடலாம். சோறு வேகாது.

4 மே

இன்றைக்கு அக்கினி நட்சத்திரம் ஆரம்பம், வீட்டைப் பற்றி எழுத நல்ல நாள். மதியம் இரண்டரை மணி, தாழ்வாரத்தில் உட்கார முடியவில்லை, உள்ளே உட்கார்ந்து ஃபேன் இரண்டாம் நம்பரில் வைத்து எழுதுகிறேன்.

கேள்வி கேட்ட தம்பி வரைபடம் அனுப்பியிருக்கிறார். படுக்கை அறையைத் தென்மேற்கில் வைத்து, மேற்குச் சுவரில் பெரிய சன்னல் போட்டிருக்கிறார். வாஸ்துப்படி என்கிறார். முதலில் அந்த மேற்குச் சன்னலை எடுத்துவிடுங்கள். சாயங்காலம் மூன்றிலிருந்து ஆறு வரை மேற்கு வெயில் சுவரில் ஏறி, ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் இறங்கும். எந்த சோலாராலும் அதைச் சமாளிக்க முடியாது, ஏசி போட்டால் ஒரு கிலோவாட் என்ற பேச்சே போய்விடும். குளியலறை, கழிப்பறை, சாமான் அறை மூன்றையும் மேற்கே தள்ளுங்கள், அவை வேகட்டும். படுக்கை கிழக்கே வரட்டும். சன்னல் வடக்கிலும் தெற்கிலும். மாலையில் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று வரும், அது நுழைய ஒரு வழி, வெளியேற எதிரே ஒரு வழி.

இன்னொன்று. தெற்கே மூன்றடி இறவாணம் போட்டவர் வடக்கே ஓரடி போட்டிருக்கிறார், "வடக்கே வெயில் வராதே" என்று. நம் ஊரில் வரும். சித்திரை தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. கோடை முழுவதும் வடக்குச் சன்னலிலும் வெயில் பார்க்கும். தெற்கே பெரிய கண்ணாடி, வடக்கே மூடிய சுவர் என்று படம் போட்ட புத்தகங்கள் எல்லாம் பனி விழுகிற ஊருக்கு எழுதியவை. இரண்டு பக்கமும் மூன்றடி போடுங்கள், கூரைப் பரப்பும் கூடும், தொட்டிக்கும் லாபம்.

5 மே

ஏசி இல்லாமல் மே மாதத்தில் உண்மையிலேயே தூங்க முடிகிறதா, மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறார் திருச்சிக்காரர்.

முடியாத ராத்திரியும் உண்டு. காற்று நின்றுபோன ராத்திரியில் தாழ்வாரத்தில் கயிற்றுக்கட்டில், கொசுவலை. அதற்காகத்தான் தாழ்வாரம் ஏழடி அகலம். நாலடி என்றால் கட்டில் குறுக்கே போடவும் முடியாது, நெடுக்கே போட்டால் நடக்கவும் முடியாது.

11 மே

மயில். மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள், விராலிமலைப் பக்கத்து ஆள் ஒருவர் படமே போட்டிருக்கிறார், அவர் கூரையில் ஏழு மயில் உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தண்ணீரையா குடிக்கிறீர்கள் என்று கேள்வி.

முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. இறங்கு குழாயில் ஒரு கிளை, அதில் நிற்கிற குழாய் நிறைந்த பிறகுதான் மிச்சத் தண்ணீர் தொட்டிப் பக்கம் திரும்பும். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு லிட்டராவது வெளியே போகட்டும், எங்கள் கூரைக்கு 75 லிட்டர். அந்தக் குழாயின் அடியில் சின்னத் திருகு, மழை விட்டதும் திறந்து காலி செய்ய வேண்டும், மறந்தால் அடுத்த மழைக்கு அது வேலை செய்யாது. அப்புறம் ஜல்லி, மணல், கரி போட்ட வடிகட்டி. தொட்டி வாயிலும் வழிகிற குழாயிலும் கொசு நுழையாத வலை, வெளிச்சம் புகாத மூடி. வெளிச்சம் புகுந்தால் பாசி. குடிப்பதற்குக் காய்ச்சித்தான் குடிக்கிறோம்.

ஆவணி பிறப்பதற்கு முன்னால் கூரையை ஒரு தடவை பெருக்கிக் கழுவ வேண்டும், மயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதற்கு ஏணி வைக்க இடம் விட்டுக் கட்டுங்கள். தம்பி வரைபடத்தில் ஏணிக்கு இடம் இல்லை, தொட்டி மேலேயே வைக்கப் போகிறாரா என்று தெரியவில்லை. திருத்தின படத்தை அனுப்பும்போது வடக்கு எது என்று அம்புக்குறி போட்டு அனுப்புங்கள், போன படத்தில் நானாகத்தான் கண்டுபிடித்தேன்.